பட்டன்ல வேண்டாம், சார்

உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா அண்ணாச்சி? தெரியாதா? ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்ட இந்தக் கதையச் சொன்னா பாதியிலயே சிரிச்சிருதாங்க. எங்க தெருவுல ஒரு வாத்தியாரு, ஆரம்பிச்சு ரெண்டு நிமிசம் ஆகல, "பட்டனா சார்?"ன்னாரு. நான் நியாயத்தப் பேசுதேன், அவரு பட்டனப் பத்திப் பேசுதாரு. அன்னையோட அவருகிட்டப் பேச்ச நிறுத்திட்டேன். நீங்க அப்படியில்ல. மொகத்தப் பாத்தாலே தெரியுது, முழுசாக் கேக்குத ஆளு. உங்களுக்குக் கோவில்பட்டியா? நான் கழுகுமலைல எறங்கணும். அதுக்குள்ள சொல்லிருவேன்.

எம் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவில்ல தாலுகா ஆபீசுக்கு எதுத்தாப்ல 'கோமதி ஜாப் டைப்பிங்'னு போர்டு பாத்திருப்பிய. நம்ம கடைதான். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடிச்சுக் குடுப்போம். மொதல்ல டைப் மிசின்தான் இருந்துச்சு, பொறவு கம்ப்யூட்டர் வந்துச்சு. கம்ப்யூட்டர் வந்த நாள்ல இருந்து நான் அதத் தொடுததில்ல. பயம்லாம் ஒண்ணும் இல்ல. மொதலாளி எதுக்குத் தொடணும்? அதுக்குத்தான் முப்பிடாதி இருந்தாளே.

முப்பிடாதி எங்கடைல டைப் அடிச்ச பொம்பள. கழுகுமலைல இருந்து தெனமும் பஸ்ல வருவா. ஒம்பது வருசம். காலைல ஒம்பதே காலுக்கு வந்து ஷட்டரத் தூக்குனான்னா, சாயங்காலம் ஆறு வரைக்கும் தல நிமிராது. நான் சொல்லச் சொல்ல அடிப்பா. நமக்குக் கொஞ்சம் சொல்வளம் உண்டு பாத்துக்கிடுங்க. "மேற்படி மனுதாரராகிய அடியேன் தங்கள் மேலான சமூகத்தின் திருமுன்பு"ன்னு ஆரம்பிச்சேன்னா மூணு பக்கம் போகும். அவ ஒரு பக்கத்துல அடிச்சு முடிச்சிருவா. எப்படித்தான் அடக்குதாளோ, எழுத்தச் சின்னதாக்கிப் போடுதா போலன்னு நெனச்சுக்கிடுவேன். பேப்பர் மிச்சம்லா, நான் கேட்டதில்ல.

சரி, விசயத்துக்கு வாரேன். ஆயுத பூஜை. மத்த நாள்ல நான் கடைல எப்படியோ, ஆயுத பூஜ அன்னைக்கு எல்லாம் என் கையாலதான். யாரையும் விடமாட்டேன். காலைலயே சந்தனக்கட்டைய உரச உக்காந்திருவேன். பவுடர் சந்தனம்லாம் நமக்கு ஆகாது. இந்த வருசம் ரெண்டு மணிநேரம் உரசுனேன். அப்படிக் கெட்டியா இதுவரைக்கும் வந்ததே இல்ல, வழிச்சு எடுத்தா விரல்ல அப்பிக்கிட்டு நிக்கும். ஜெராக்ஸ் மிசினுக்கு மூணு பொட்டு, பிரிண்டருக்கு ஒண்ணு, ஸ்டேப்ளருக்கு, கத்திரிக்கு, பஞ்சிங் மிசினுக்கு, எல்லாத்துக்கும் வச்சேன். கம்ப்யூட்டர் பொட்டி இருக்குல்லா, கீழ நிக்குமே, அதுக்கு மூஞ்சில உருண்டையா ஒரு பட்டன் உண்டு. அத அமுக்குனாத்தான் உயிர் வரும். அப்ப அதுக்குத்தான மொத மரியாத? நல்லாத் தாராளமா, ஒரு நெல்லிக்கா அளவு எடுத்து அந்தப் பட்டன்ல அப்புனேன். நாலு பக்கமும் விரலால சுத்தி, இடுக்குக்குள்ள எல்லாம் போற மாதிரி. பூஜன்னா அரகொறையாப் பண்ணக் கூடாது பாருங்க.

அப்பந்தான் அவ சொன்னா.

"பட்டன்ல வேண்டாம், சார்."

என்ன தைரியம் பாத்தியளா? கையில கற்பூரத் தட்டு. சாமி படத்துக்கு முன்னால நிக்கேன். பொரி, கடலை, பழம் எல்லாம் பரப்பி வச்சிருக்கு. அந்த நேரத்துல 'வேண்டாம்'ங்கா! ஒம்பது வருசமா ஒரு வார்த்த பேசாதவ, பூஜ நேரத்துல அபசகுனமா வாயத் தொறக்கா. நான் திரும்பி ஒரு பார்வ பாத்தேன். "ஏன் வேண்டாம்?"னு கேட்டேன். "இந்த வருசம் ரொம்பக் கெட்டியா இருக்கு சார்"னா. சந்தனம் கெட்டியா இருக்குன்னு ஒலகத்துல யாராவது குத்தம் சொல்லுவாங்களா அண்ணாச்சி?

எனக்குக் கோவம் வந்துட்டு. வழக்கமா பூஜ முடிஞ்சதும் நான் பொரி பொட்டணத்த எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவேன், அவதான் இருந்து கடையப் பூட்டிட்டுப் போவா. இந்த வருசம், "நீ மொதல்ல கெளம்பு"ன்னு அவள அனுப்பிட்டு, நானே பூட்டிச் சாவிய மடில செருகிக்கிட்டுப் போனேன். போகும்போது அவ திரும்பித் திரும்பி அந்தப் பொட்டியப் பாத்தா. நான் கவனிச்சேன். எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு.

மறுநாள் விஜயதசமி. குளிச்சு, நெத்திக்கு இட்டு, தீபம் காட்டி, மேலாக்க இருந்த சந்தனத்தத் துண்டால ஒரு தொட தொடச்சுட்டுப் பட்டன அமுக்குனேன். அந்த மொத அமுக்கு மட்டும் வருசா வருசம் நாந்தான். 'உய்'னு ஃபேன் சத்தம். பச்ச வெளக்கு. நான் கையெடுத்துக் கும்புடுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பொட்டுனு நின்னு போச்சு.

திரும்ப அமுக்குதேன், ஒண்ணும் இல்ல. ப்ளக்கப் புடுங்கித் திரும்பச் செருகுனேன். அண்ணாச்சி, நம்பமாட்டிய, நான் பட்டனத் தொடவே இல்ல. யாருமே தொடல. அதுவா 'உய்'ங்குது! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நின்னு போச்சு. தொடாம தானா ஓடுத பொட்டிய நீங்க பாத்திருக்கியளா? சாமி குத்தம்னு முடிவே பண்ணிட்டேன். யாரு குத்தம்னும் முடிவு பண்ணிட்டேன்.

முப்பிடாதி பக்கத்துலதான் நின்னா. "சார், பட்டன் உள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குதோன்னு தோணுது"ன்னா. மறுபடியும் பட்டன்! அவளுக்கு அந்தப் பட்டன் மேல என்னமோ ஒரு கண்ணு. "நீ டைப் அடிக்கதோட நிறுத்திக்கோ, மெக்கானிக் வேலைக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்"னு சொல்லிட்டேன். அவ ஸ்டூல்ல போயி உக்காந்துட்டா.

பொறவு நானே ஆராய்ச்சில எறங்குனேன். மொத சந்தேகம் கரெண்டு. அதே ப்ளக்குல டேபிள் ஃபேனப் போட்டேன், சுத்துச்சு. வயர மாத்துனேன், அப்படியும் நாலுதான். பெங்களூர்ல இருக்க எம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாமா, உள்ள மெமரி கார்டுன்னு பச்சையா நீளமா ஒண்ணு இருக்கும், கழத்தி ரப்பரால அழிச்சு மாட்டுங்க"ன்னாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அழிக்க ரப்பராலயான்னு கேட்டேன், ஆமாங்காரு. பக்கத்துக் கடைல ரப்பர் வாங்கி, மேசை வெளக்கு வச்சுக்கிட்டு, ஒரு மணிநேரம் அழிச்சேன். அதுல எழுதியிருந்தது பாதி போயிட்டு. மாட்டுனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். அதுக்கும் நாலுதான்.

வெள்ளிக்கிழம ஆபீஸ் தொறந்துட்டு. ரெண்டு நாள் லீவுக்கு அப்பறம் கூட்டம்னா கூட்டம். பட்டா மனுக்காரங்க, முதியோர் பென்சன் கேக்க ஒரு ஆச்சி, எல்லாம் பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நான் ப்ளக்கப் புடுங்குதேன், செருகுதேன். அவங்கல்லாம் சேந்து எண்ணுதாங்க அண்ணாச்சி! ஒண்ணு, ரெண்டுன்னு கோரசா! நாலு வந்ததும் 'ப்ச்'ங்காங்க. எனக்கு எப்படி இருக்கும்? அந்த நேரம் பாத்து டீக்கடைக்காரன் கிளாஸோட வந்து நின்னு கேட்டான். "கடைசியா இத அணச்சது யாரு?"

பூஜைக்கு முந்தி, கடைசியா அணச்சது முப்பிடாதி.

பஜார்ல புதுசா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொறந்திருக்கானே, அவன் இவளக் கூப்புட்டுக்கிட்டே இருந்தான்னு எனக்குத் தெரியும். இவ போகமாட்டேன்னு சொல்லிட்டான்னும் தெரியும். ஆனா கோவத்துல இருக்கவனுக்கு மொதப் பாதிதான் ஞாபகம் வரும். அத்தன பேருக்கு முன்னால கேட்டுட்டேன். "என்னத்தப் பண்ணி வச்ச? எவங்கிட்ட வாங்கிட்டு இப்படிப் பண்ணுன?"

அவ அழல. சத்தம் போடல. அவளும் ரெண்டு பேச்சு பேசிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். தூக்குச்சட்டிய எடுத்தா, நாற்காலில போட்டிருந்த மெத்தைய எடுத்தா. அந்த ஆச்சிகிட்டப் போயி, "ரேசன் கார்டு நகல் வைக்கணும் ஆச்சி, மறந்துராதிய"ன்னு சொன்னா. போயிட்டா. நானும் போகட்டும்னு விட்டுட்டேன். மனசுக்குள்ள சந்தோசம் வேற, கண்டுபுடிச்சிட்டம்லா!

சனிக்கிழம மெக்கானிக் வந்தான். பீர் முகமதுன்னு பேரு, கடையநல்லூர்க்காரன், நம்ம பிரிண்டர்லாம் அவந்தான் பாப்பான். மொதல்ல கரெண்டு வாங்குத டப்பாவ மாத்திப் பாத்தான். நாலு. மெமரியக் கழத்திப் பாத்தான். "இத யாரு சார் ரப்பரால இப்படி அரைச்சது?"ன்னான். நான் மேசைல கெடந்த ரப்பர எடுத்து மடில செருகிக்கிட்டேன். பொறவு சம்மணம் போட்டு உக்காந்து கேட்டான்.

"எத்தன செகண்டு சார் ஓடுது?"

"நாலு எண்ணுதேன்."

"எப்பவும் நாலா? ஒருதரம் ரெண்டு, ஒருதரம் பத்துன்னு வாரதில்லையா?"

"எப்பவும் நாலுதான். பெஞ்சுல உக்காந்திருந்தவங்கள்லாம் சாட்சி."

சிரிச்சிட்டான். "சார், பழுதுக்கு இவ்வளவு ஒழுங்கா எண்ணத் தெரியாது. பட்டன விடாம அமுக்கிட்டே இருந்தா நாலு செகண்டுல அணைஞ்சிரும், அது கம்ப்யூட்டரோட கொணம். யாரோ இத விரல எடுக்காம அமுக்கிட்டே இருக்காங்க."

"யாரு?"ன்னு கேட்டேன், ரகசியமா. மேல சாமி படத்தப் பாத்துக்கிட்டேன்.

அவன் மூஞ்சிப் பலகையப் பேத்து எடுத்தான். பட்டன்ல இருந்து வார வயர உருவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனிய உள்ள ரெண்டு கம்பில லேசாத் தொட்டு எடுத்தான். 'உய்'. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சு. ஆறு. ஏழு! அது பாட்டுக்கு ஓடுது! திரைல படம் வந்துட்டு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு அண்ணாச்சி. அவன் அந்தப் பலகையத் திருப்பி எங்கிட்டக் காட்டுனான். பட்டன் உள்ள அமுங்கி நிக்குது. சுத்தி இடுக்கெல்லாம் மஞ்சளா, காஞ்சு, சிமெண்டு போட்டுப் பூசுன மாதிரி.

"சந்தனம் சார்"னான்.

நான் உடுவனா? "ஒம்பது வருசமா வைக்கேன், ஒருக்காக்கூட நிக்காத பட்டன் இந்த வருசம் மட்டும் எப்படி நிக்கும்? பதில் சொல்லு"ன்னேன். நல்ல கேள்விதான? எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும்.

அவன் பழைய டூத் பிரஷ்ஷால சொரண்டிக்கிட்டே சொன்னான். "அந்தக்கா வருசா வருசம் எடுத்து விட்டுருவாங்க சார். போன வருசம் பூஜ அன்னைக்குப் பிரிண்டரக் குடுக்க வந்தேன். நீங்க கெளம்பிட்டிய. அவங்க தரைல உக்காந்து, ஜெம் கிளிப்ப நிமித்தி, பட்டன் இடுக்குல இருந்த சந்தனத்தயெல்லாம் நோண்டி எடுத்தாங்க. ஈரத்துணி வச்சுத் தொடச்சாங்க. பொறவு மேல மட்டும் மெலிசா ஒரு பொட்டு வச்சு, அதுக்கு நடுவுல குங்குமமும் வச்சு விட்டாங்க. எதுக்குக்கா இதுன்னு கேட்டேன். 'காலைல சார் வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவாரு'ன்னாங்க."

மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஒம்பது வருசமா என் பூஜைய எனக்குத் தெரியாம அழிச்சிருக்கா! என்ன களவாணித்தனம்! பீர் முகமதுகிட்டயே கத்துனேன். அவன் பிரஷ்ஷ உதறிட்டு, "ஒம்பது வருசம் கடை ஓடிச்சுல்லா சார்"னு சொல்லிட்டுக் கெளம்பிட்டான்.

அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. வீட்டுக்காரி கேட்டா, வாயுன்னு சொல்லிட்டேன்.

இது நடந்து பதினஞ்சு நாளாச்சு. இப்ப கம்ப்யூட்டர் கொறையில்லாம ஓடுது. ஓட்டத்தான் ஆளு இல்ல. புதுசா ஒரு பிள்ளைய வச்சேன், எதுத்தாப்ல நின்னு விவரம் சொல்லுத மனுசனயே 'காலஞ்சென்ற'ன்னு அடிச்சுட்டா. அந்தாளு சண்டைக்கு வந்துட்டான், அவ மூணா நாளு நின்னுட்டா. பொறவு நானே உக்காந்து ஒத்த விரலால அடிச்சேன். நான் சொல்லுத மூணு பக்கத்தயும் ஒரு வார்த்த விடாம அடிச்சுக் குடுத்தேன். ஆபீஸ்ல இருந்து திரும்பி வந்துட்டு அண்ணாச்சி. "கோமதி கடை மனுன்னா ரத்தினச் சுருக்கமா இருக்குமே, இப்ப என்ன இப்படிப் புராணம் படிக்குதிய?"ன்னு அந்தக் கிளார்க்கு கேக்கான். ரத்தினச் சுருக்கமாம்! அப்பந்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, அவ எழுத்தச் சின்னதாக்கல. என்னத்தையெல்லாம் நோண்டி எடுத்திருக்கா பாருங்க, நான் மனசு கஷ்டப்படாம.

அதான் போய்க்கிட்டிருக்கேன். கழுகுமலை பஸ் ஸ்டாப்லயே ஒரு ஸ்டுடியோல வேலைக்குச் சேந்திருக்காளாம். போன்ல பேசிருக்கலாம்லாங்கிய? பேசுனேனே. அடிச்ச ஒடன எடுத்துட்டா. "சொல்லுங்க சார்"னா. அதே குரலு. நான் "ராங் நம்பர்"னு சொல்லி வச்சிட்டேன். சிரிக்காதிய. ஒங்களுக்கு அந்த எடத்துல என்ன வந்திருக்கும்?

என்ன சொல்லுததுன்னு எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். "முப்பிடாதி, கம்ப்யூட்டர் சரியாயிட்டு, திங்கக்கிழம வந்துரு." எப்படி இருக்கு? சரியில்லையா? அப்ப இப்படி. "முப்பிடாதி, ஏதோ தப்பு நடந்துபோச்சு." அதுவும் தலைய ஆட்டுதிய. யாரு பண்ணுனதுன்னு சொல்லணுமாக்கும்? "அந்த டீக்கடைக்காரன் பேச்சக் கேட்டு..." சரி சரி, டீக்கடைக்காரன விட்டுருவோம். "சந்தனம் கொஞ்சம் கெட்டியா..." சந்தனத்தயும் விடணுமா? எல்லாத்தயும் விட்டுட்டா நான் மட்டும்லா மிச்சம் நிக்கேன்!

கோயில் மலை தெரியுது, வந்துட்டு. கண்டக்டரு என்னயப் பாத்துச் சிரிக்காரு பாருங்க. என்ன கேட்டாரு, காதுல விழுந்துட்டா? "இன்னைக்காவது எறங்குவியளா சார்"ங்காரு. சரி, இனிமே மறச்சு என்ன ஆகப்போவுது. முந்தாநேத்தும் இதே வண்டிலதான் வந்தேன். நேத்தும் வந்தேன். ரெண்டு நாளும் எறங்காம கோவில்பட்டி வரைக்கும் டிக்கெட்ட நீட்டி வாங்கி, அங்க ஒரு காப்பியக் குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். அந்தா, பச்ச போர்டு போட்ட கடை தெரியுதா? கண்ணாடிக்குப் பின்னால குனிஞ்சு அடிக்காளே, அவதான். இங்கயும் தல நிமிரல பாருங்க.

பயமா இருக்கு அண்ணாச்சி. எத்தனையோ தாசில்தாருங்கள எதுத்து நின்னு பேசிருக்கேன், ஒரு டைப்பிஸ்டு முன்னால போயி நிக்கப் பயமா இருக்கு. அவ திட்டுனாக்கூடப் பரவால்ல. "பரவால்ல சார்"னு சொல்லிட்டான்னா நான் எங்க போயி நிக்க?

என்ன, நீங்களும் எந்திரிக்கிய? உங்களுக்குக் கோவில்பட்டில்லா? டிக்கெட் வீணாப் போகுமே. எனக்காகவா? வேண்டாம் அண்ணாச்சி, எதுக்கு உங்களுக்கு... சரி, வாங்க. கண்டக்டரே, கொஞ்சம் பொறுங்க, ரெண்டு பேரு எறங்குதோம். மெதுவா, படி ஒசரம். அண்ணாச்சி, நீங்க எம் பக்கத்துல நின்னாப் போதும், வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் பேச்ச மாத்துனேன்னா முழங்கையால ஒரு இடி இடிங்க. ஆனா நீங்க முந்திக்கிட்டு எடுத்துச் சொல்லிராதிய.

தப்பு என்மேலதான்னு நாந்தான் சொல்லணும்.